மதியத்துக்குப் பூட்டு

பூங்காவுக்கு எதற்கு வெப்சைட் என்று என்னிடம் கேட்காதவர்களே இல்லை. கேட் திறந்திருந்தால் உள்ளே போவோம், மூடியிருந்தால் திரும்பி வருவோம், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வெப்சைட் செய்வதுதான் என் பிழைப்பு. பல் டாக்டருக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கும் போசரியில் நட்டு போல்ட் செய்கிற கம்பெனிக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். பூங்காவுக்குச் செய்ய மாட்டேன் என்று சொல்ல நான் யார்?

பூங்கா புனேயில், சாங்விப் பகுதியில் ஆற்றோரம் இருக்கிறது. நிலம் மாநகராட்சியுடையது, நடத்துவது ஒரு தொண்டு அமைப்பு. அமைப்பு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர், காலையில் சேர்ந்து நடப்பவர்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு ஆலமரமும் அதைச் சுற்றிக் குப்பை மேடும்தான் இருந்தனவாம். குப்பையைத் தங்கள் கையாலேயே அள்ளி, மண்ணைத் திருத்தி, மரம் நட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததெல்லாம் பிறகுதான். அந்த உழைப்பின்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பழைய வெப்சைட்டைத் திறந்தால் ஒரு பச்சை இலை சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே, எப்போதோ நடந்து முடிந்த மரம் நடு விழாவுக்கு அனைவரும் வருக என்று ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடும். போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். பூங்கா எங்கே இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருந்தது.

புனேக்காரர்களுக்குப் பலகை எழுதுவதில் ஒரு தனி ருசி. வாசலில் வண்டி நிறுத்தாதே என்று மட்டும் எழுத மாட்டார்கள். நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும், பஞ்சர் கடை எதிரே இருக்கிறது என்றும் சேர்த்து எழுதுவார்கள். அமைப்பின் தலைவர் இந்தக் கலையில் கெட்டிக்காரர். பூங்கா முழுக்க அவர் எழுதிய பலகைகள்தான். பூப்பறிக்கிறவர்கள் கடவுளுக்குத் திருட்டுப் பொருள் கொடுக்கிறார்கள் என்று செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒன்று நிற்கும். வெப்சைட்டில் போடுவதற்கு என்ன இருக்கிறது, எழுதி அனுப்புங்கள் என்று நான் கேட்டதும், அந்தப் பலகைகளை எல்லாம் படம் பிடித்து அப்படியே அனுப்பிவிட்டார். ஒரு பூங்காவில் செய்யக் கூடாதவை இத்தனை இருந்தால் செய்யக் கூடியது என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். நடக்கலாம் என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

வெப்சைட்டுக்கு எந்தப் பச்சை என்று அமைப்பில் இரண்டு கூட்டம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஒருவருக்கு வேப்பிலைப் பச்சை வேண்டும், இன்னொருவருக்கு மழைக்காலத்துச் சிங்ககட் மலைப் பச்சை வேண்டும். செயலாளர் அம்மா மட்டும்தான் வேலைக்கு ஆகிற பேச்சுப் பேசுவார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவர். போனில் சரியாகத் தெரிகிறதா, வயதானவர்களுக்கு எழுத்துப் புரிகிறதா, பூங்காவுக்கு வருகிறவர்களிடம் முதலில் காட்டிப் பாருங்கள் என்று அவர்தான் சொன்னார். அந்த வார்த்தையை நான் பத்திரமாகப் பிடித்துவைத்துக்கொண்டேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா சாங்வியில் மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறாள். காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் ஒரு வீடும் காலை வீடுகளில் ஒன்றுக்கு இரவுச் சமையலும். எங்கள் வீடு போசரியில். அப்பா அங்கே ஒரு இஞ்சினியரிங் கம்பெனியில் லேத் ஓட்டினார். அவர் போய்ச் சில வருஷங்களாகிவிட்டன. நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிடு என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நீ சம்பாதிக்கதுக்கும் நான் போளி போடுததுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இத்தனை வருஷத்தில் சப்பாத்திக்குப் போளி என்று சொல்லப் பழகிவிட்டாளே தவிர பிடிவாதம் ஊரில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. எனக்கும் அது கொஞ்சம் வந்திருக்கிறது. மராத்தி மீடியத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதியே தீருவேன் என்று உட்கார்ந்திருப்பதை வேறு என்னவென்று சொல்வது?

மதியம் வீட்டுக்கு வந்து போக அம்மாவுக்கு வழியில்லை. நாசிக் பாட்டாவில் பஸ் மாறி வந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி பஸ் பிடிப்பதற்குள் சாயங்கால வேலைக்கு நேரமாகிவிடும். புனேயில் மதியத் தூக்கம் என்பது கௌரவமான விஷயம். ஒரு மணிக்குக் கடை ஷட்டரை இறக்கினால் நான்கு மணிக்குத்தான் ஏற்றுவார்கள். மாநகராட்சித் தோட்டங்களும் மதியம் பூட்டித்தான் இருக்கும். இந்த ஒரு பூங்கா மட்டும் மதியமும் திறந்திருந்தது. யாரும் கூடி முடிவெடுத்துத் திறந்துவைத்ததில்லை. வாட்ச்மேன் சாப்பிடப் போகும்போது கேட்டைப் பூட்டும் பழக்கம் அங்கே ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சுற்று வட்டாரத்தில் சமையலுக்கும் பாத்திரம் தேய்க்கவும் பிள்ளை பார்க்கவும் வருகிற பெண்கள் மதியம் அந்த ஆலமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். தாபோடியிலிருந்து பாலம் தாண்டி நடந்து வருகிறவர்கள் உண்டு, மராத்திக்காரர்கள், கன்னடக்காரர்கள், எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் உண்டு. டப்பாவைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். எறும்பும் நாயும் தொடாமலிருக்கப் பைகளை ஆலமரத்தின் தாழ்ந்த கிளையிலும் விழுதிலும் மாட்டிவிட்டு, துப்பட்டாவையோ முந்தானையையோ முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். யாருக்கு எந்த விழுது என்பதுகூடப் பழக்கத்தில் முடிவாகியிருந்தது. அம்மாவின் பை நீல ரெக்சின் பை. அப்பாவின் கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்தது. கம்பெனிப் பெயர் பாதி அழிந்து, ஜிப் செத்துப்போய், ஊக்குக் குத்தி மூடிவைத்திருப்பாள்.

அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்பது அமைப்பில் யாருக்கும் தெரியாது. நான் மறைக்கவில்லை. அப்பா என்ன செய்தார் என்று கேட்டார்கள், சொன்னேன். அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வேலை பாதி முடிந்திருந்தபோது தலைவர் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பூங்கா நேரம் என்ற இடத்தில் காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை நான்கிலிருந்து எட்டு என்று போடச் சொன்னார். பூங்கா நாள் முழுக்கத் திறந்துதானே இருக்கிறது என்றேன். இனிமேல் இல்லை என்றார். பக்கத்து அடுக்குமாடி சொசைட்டிகளிலிருந்து புகார் வருகிறதாம். மதியத்தில் அந்த வேலைக்காரப் பெண்கள் மரத்தடியில் கால் நீட்டிப் படுத்துக் கிடக்கிறார்கள், மரம் முழுக்கப் பை தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லையாம். பிறகு, நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தாரோ என்னவோ, புல்லுக்கும் ஓய்வு வேண்டாமா என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு வந்த எரிச்சலை எழுதி முடியாது. இந்த ஊரில் கடைக்காரருக்கு மதியம் ஓய்வு வேண்டும், தலைவருக்கு ஓய்வு வேண்டும், இப்போது புல்லுக்கும் ஓய்வு வேண்டும். காலையிலிருந்து இரண்டு குடும்பத்துக்குப் போளி தேய்த்த கைக்கு மட்டும் வேண்டாம்.

எந்தக் கூட்டத்தில் இது முடிவாயிற்று என்று கேட்டேன். கூட்டமெல்லாம் எதற்கு என்றார். அடுத்துச் சொன்னதைத்தான் நான் மறக்கவே போவதில்லை.

"நீ வெப்சைட்டில் போடு. வெப்சைட்டில் இருந்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்."

மராத்தியில், அக்கறையாக, ஏதோ தொழில் ரகசியம் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார். முகப்புக்கு என்ன படம் என்றும் அவரே முடிவு செய்துவைத்திருந்தார். வடபூர்ணிமா அன்று பெண்கள் பட்டுப் புடவை கட்டி, புருஷன் ஆயுளுக்காக ஆலமரத்தைச் சுற்றி வெள்ளை நூல் சுற்றுவார்கள். அந்தப் படம். அதே மரம்தான். அதில் நூல் சுற்றினால் பண்பாடு, பை மாட்டினால் அசிங்கம்.

மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவருடைய மருமகனோ யாரோ அந்த வரியைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் அவர் கொடுத்த வரியை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வெள்ளோட்டப் பக்கத்தில் போட்டேன். செயலாளர் அம்மாதான் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பார் என்று சொல்லியிருந்தாரே. காலையில் நடக்கிறவர்களிடம் காட்டினேன், எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார்கள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மதியம் ஆலமரத்தடிக்குப் போனேன். எந்தத் தயக்கமும் இல்லாமல்தான் போனேன்.

அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும். தாபோடியிலிருந்து வருகிற மராத்தி அக்கா ஒருவர் நன்றாகப் படிப்பார். பூங்கா எப்போது திறந்திருக்கும் என்று இதில் கண்டுபிடியுங்கள் என்று போனைக் கொடுத்தேன். சட்டென்று கண்டுபிடித்துவிட்டார். அந்த அளவுக்கு என் டிசைன் நன்றாக இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். உரக்கப் படித்தார். ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இதன்படி பார்த்தால் நாங்கள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டார்.

படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். யார் போட்டது, எப்போதிலிருந்து என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டப்பாவையே மறுபடி மறுபடி தேய்த்தாள்.

மதியத்தில் இத்தனை பேர் இந்த இடத்தை நம்பி இருக்கிறார்கள் என்று படமாகக் காட்டினால் கூட்டத்தில் பேசலாம், எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள் என்று போன் கேமராவைத் திறந்தேன். நான் நினைத்ததற்கு நேர் எதிராக நடந்தது. எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டார்கள். மராத்தி அக்காதான் விளக்கினார். வேலை செய்கிற வீட்டு வைனிகள், அதாவது வீட்டுக்கார அம்மாக்கள், பார்த்துவிட்டால் என்ன ஆகும்? மதியம் முழுக்கச் சும்மாதான் படுத்திருக்கிறாயா, அப்படியானால் இரண்டு மணிக்கு வந்து துணி மடித்துவிட்டுப் போயேன் என்பார்கள். முடியாது என்று சொன்னால் வேறு ஆள் பார்ப்பார்கள். அம்மாவுக்கும் அந்தக் கதைதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய மூன்று வீடுகளில் நடு வீட்டு வைனி ரொம்ப நாளாக மதியம் வந்து பிள்ளைகளுக்கு டிபன் செய்து தரக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். மதியம் நான் போசரிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆக, அந்த நேரத்தைக் காப்பாற்ற அதைக் காட்ட வேண்டும், காட்டினால் அந்த நேரமே போய்விடும். கேமராவை மூடிவைத்துவிட்டேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. கோபம் முற்றினால் எனக்கு அழுகைதான் வரும், பெரிய தொல்லை அது.

அம்மா கழுவிய டப்பாவை நீலப் பைக்குள் வைத்து, ஊக்கைக் குத்தி, விழுதில் மாட்டினாள்.

"ஏட்டி, என் மூஞ்சியப் போடாத. வாயப் பொளந்துக்கிட்டு தூங்குத மூஞ்சி, நல்லாருக்காது. இந்தப் பையப் போடு. பை நிமிந்துதான தொங்குது."

"அந்தப் பைய உங்க வைனிக்குத் தெரியும்லாம்மா. தினம் அவங்க கிச்சன்லதான வைக்க?"

"தெரியட்டும். நான் என்ன களவாண்டா வச்சிருக்கேன்?"

மற்றவர்கள் யோசித்தார்கள். சிலர் தங்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். சிலர் அடையாளம் தெரியாதபடி பையைத் திருப்பி மாட்டினார்கள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. இரண்டு மணி வெயில் இலை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. விழுதுகளில் பைகள். ஆள் யாரும் இல்லாத படம். அந்த வருஷம் நான் எடுத்த படங்களில் அதுதான் நல்ல படம்.

அடுத்து, அவர்களில் நான்கைந்து பேர் செயலாளர் அம்மாவைப் பார்த்து, எங்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசுங்கள் என்று கேட்டார்கள். கூட்டம் எப்போதும் மாலை ஐந்து மணிக்குத்தான் நடக்கும். அந்த நேரத்தில் அவர்கள் ஏதாவது ஒரு வீட்டில் அடுப்பு முன்னால் நிற்பார்கள். ஆகவே மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள் என்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் பழைய பம்ப் ரூம்தான் அமைப்பின் அலுவலகம். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் செயலாளர் அம்மா இதைத் தலைவரிடம் சொன்னார். தலைவருக்கு நிஜமாகவே அதிர்ச்சி.

"மதியம் இரண்டு மணிக்கா? அது ஓய்வெடுக்கிற நேரம் இல்லையா?"

சொல்லி முடித்த பிறகும் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைக்கவில்லை. செயலாளர் அம்மாவுக்கு உறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தலைவர் அதோடு விடவில்லை. வெப்சைட் வருவதற்கு முன்னாலேயே சோதனை முறையாகப் பார்க்கலாம் என்று அடுத்த வாரம் கேட்டைப் பதினொரு மணிக்குப் பூட்டச் சொல்லிவிட்டார். வாட்ச்மேன் பூட்டினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

அன்றைக்கு அம்மா எனக்கு வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினாள். பூட்டிப்போட்டுட்டாவ, நீ வேலையப் பாரு என்று மட்டும் இருந்தது. நான் வேலையைப் பார்க்கவில்லை. ரிக்ஷா பிடித்துப் போய் இறங்கினேன். கேட் கம்பிகளில் வரிசையாகப் பைகள் தொங்கின. பெண்கள் எல்லாரும் மதில் ஓரம் நடைபாதையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிழல் இல்லை, மதிலை ஒட்டி ஒரு முழம் இருந்தது, அதில் தலையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட வேன் போகிறது, பஸ் போகிறது, போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மரத்தடியில் படுத்திருந்தவரைக்கும் அவர்களைப் பார்க்க யாராவது பூங்காவுக்குள் வந்தாக வேண்டும். இப்போது சாங்வி முழுவதும் பார்க்கும்படி மெயின் ரோட்டில் இருந்தார்கள். முகத்தை யாரும் மூடிக்கொள்ளவில்லை. அன்று விழுதிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டவர்களின் பைகளும் கேட்டில் தொங்கின.

உள்ளே புல் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

கேட்டையும் பைகளையும் மட்டும் படம் எடுத்தேன். கம்பிகளுக்கு நடுவில், தலைவர் எழுதிய வருக வருக பலகை. அதன்மேல் அம்மாவின் நீலப் பை.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முகப்புப் பக்கத்துக்கு எப்போதும் இரண்டு மாதிரி செய்து காட்ட வேண்டும். ஒன்று மட்டும் காட்டினால் எதிரில் இருப்பவர் அதில் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். இரண்டு காட்டினால் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எல்லா டிசைனரும் செய்வதுதான். அந்த மாதக் கூட்டத்துக்கு நானும் இரண்டு மாதிரியோடு போனேன். கூட்டம் வழக்கம்போல ஐந்து மணிக்கு. அம்மாவும் மற்றவர்களும் வர முடியவில்லை.

புரொஜக்டர் வைத்துச் சுவரில் முதல் மாதிரியைக் காட்டினேன். காலை ஆறிலிருந்து பதினொன்று, மாலை நான்கிலிருந்து எட்டு. தலைவர் கேட்டபடியே. அதற்குப் பொருத்தமான படம், பூட்டிய கேட்டில் தொங்கும் பைகள். இரண்டாவது மாதிரியில் காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை, நாள் முழுவதும். படம், ஆலமரத்தில் தொங்கும் பைகள். பேச்சு எதுவும் பேசவில்லை. எந்த மாதிரி வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

முதல் படத்தைப் பார்த்து, இது நம் பூங்காவா, ஏதோ பூட்டிக் கிடக்கிற மில் மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். சிங்ககட் பச்சை கேட்டவர் அவர். நேரத்தை மாற்றுவது எப்போது முடிவாயிற்று, எனக்கு ஏன் தெரியாது என்று இன்னொருவர் கேட்டார். தலைவர் நேரடியாகப் பதில் சொல்லாமல் வடபூர்ணிமா படம் என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். அது வருஷத்துக்கு ஒரு நாள் நடப்பது, இது தினமும் நடப்பது என்றேன். மூன்றாவது மாதிரி ஒன்று செய்ய முடியாதா என்றார். முடியாது என்றேன். சரி, இரண்டாவது மாதிரியிலாவது அந்தப் பைகளைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் படம் சுத்தமாக இருக்குமே, உனக்கு அதெல்லாம் சுலபம்தானே என்றார்.

சுலபம்தான். எத்தனையோ படத்தில் மின்கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் அழித்திருக்கிறேன்.

"அழிக்க மாட்டேன் சர்," என்றேன். "அந்த நீலப் பை என் அம்மாவோடது. அம்மா மதியம் அந்த மரத்தடியிலதான் தூங்குறாங்க."

இதை மராத்தியில்தான் சொன்னேன். தலைவர் சுவரில் தெரிந்த பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் வந்ததா, என்னிடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்ற கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

செயலாளர் அம்மா கையைத் தூக்கி இரண்டாவது மாதிரி என்றார். மில் மாதிரி இருக்கிறது என்றவர் தூக்கினார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. தலைவர் கை மட்டும் மேஜைமேலேயே இருந்தது. அவர் "பகூயா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். புனேயில் தோற்றுப்போனவர்கள் கடைசியாகச் சொல்வது அதுதான். மறுநாள் கேட் பூட்டப்படவில்லை.

வெப்சைட் வெளிவந்தது. பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. அமைப்பின் வாட்ஸாப் குழுவில் கைதட்டுகிற படங்கள் வந்தன, அங்கிருந்து சொசைட்டிக் குழுக்களுக்குப் போயிற்று. அங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவின் நடு வீட்டு வைனிக்கும் போகும் என்று தெரியும். கூட்டத்தில் என் வீராப்பைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். வேலை போனால் போவது அம்மாவுக்கு. வேலைகூட இரண்டாவது, அந்த மூன்று நான்கு மணி நேரம் போய்விட்டால் அவள் என்ன செய்வாள்?

அந்த வாரக் கடைசியில் அம்மா வேலை முடிந்து வந்து, நீலப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, டீ போடச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். பாதி டீ குடித்தபிறகு, இன்னைக்கு நம்ம வைனி போன கொண்டுவந்து காட்டினா என்றாள்.

வைனி படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, இது உன் பைதானே மாவ்ஷி என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றிருக்கிறாள் அம்மா. அப்படியானால் நீ மதியம் போசரிக்குப் போகவே இல்லையா, இவ்வளவு பக்கத்தில்தான் படுத்திருக்கிறாயா, பிறகு இரண்டு மணிக்கு டிபன் செய்ய வருவதற்கு என்ன கேடு என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன்.

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னத்தச் சொல்ல? 'வர முடியாது வைனி, அது நான் தூங்குத நேரம். வெப்சைட்லயே போட்டிருக்குல்லா, பாத்துக்கோங்க'ன்னேன். அதுக்கப்புறம் அவ ஒண்ணும் கேக்கல."